கைத்துப்பாக்கித் தோட்டா: மொத்த நீளமும் வாய் மடிப்பும்

கைத்துப்பாக்கித் தோட்டாவின் மொத்த நீளம் என்பது உறையின் அடியிலிருந்து குண்டின் நுனிவரை உள்ள அளவாகும். குண்டைப் பொருத்திய பிறகு உறையின் வாய் விளிம்பை அதன்மேல் அழுத்துவதோ மடிப்பதோ கிரிம்ப் எனப்படும். தமிழில் இதை வாய் மடிப்பு எனலாம். மின்வேலை செய்பவர்கள் கம்பியின் முனையில் லக் வைத்துக் கருவியால் அழுத்துவதையும் ‘கிரிம்ப் அடிப்பது’ என்றே சொல்கிறார்கள். அங்கே நோக்கம் ஒன்றுதான், கம்பி கழன்று வராமல் இருக்க வேண்டும். தோட்டாவில் அப்படியில்லை. சில தோட்டாக்களில் குண்டைப் பிடித்து நிறுத்த மடிப்பு தேவை. வேறு சிலவற்றில் அதே மடிப்பு தோட்டாவைக் கெடுத்துவிடும்.

சுட்டபின் மிஞ்சும் பித்தளை உறையில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்து மீண்டும் தோட்டாவாக்கும் பழக்கம் அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் விளையாட்டு வீரர்களிடையே உள்ளது. இதைக் கைநிரப்பு என்பர். இந்தியாவில் உரிமமின்றித் தோட்டா செய்வது கடுங்குற்றம். ஆனாலும் இவ்விரு அளவுகளைப் பற்றிய அறிவு, ஆலையில் செய்த தோட்டாவைக் கையாள்பவருக்கும் வேண்டியதே. காரணம் கட்டுரையின் இறுதியில் வருகிறது.

சொற்கள்

தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் ‘தோட்டா’, ‘குண்டு’ என்னும் இரண்டும் மாறிமாறி வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் ‘ரவை’ என்பர். இக்கட்டுரையில் தோட்டா என்பது முழுப்பொருள். குண்டு என்பது குழலிலிருந்து வெளியே பறக்கும் ஈயப் பகுதி மட்டும். உறை என்பது பித்தளைக் கூடு. உறையின் அடியில் இருக்கும் பிரைமரைத் துப்பாக்கியின் ஊசி அடித்ததும் தீப்பொறி எழுந்து மருந்து எரிகிறது. எரிவாயுவின் அழுத்தம் குண்டைத் தள்ளுகிறது. துப்பாக்கிக் குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம் அறை எனப்படும். அதற்கு முன்னே, குண்டைச் சுழலச் செய்யும் வரிப்பள்ளங்கள் தொடங்குகின்றன.

கருமருந்திலிருந்து கார்டைட்டுக்கு

நீளம் ஏன் இவ்வளவு முக்கியமாயிற்று என்பதை அறிய மருந்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பழைய கருமருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் கலந்தது. நாட்டுத் துப்பாக்கியில் குழலின் வாய்வழியே அதைக் கொட்டி, கம்பியால் நன்றாகக் கெட்டித்து, அதன்மேல் குண்டோ பால்ரஸோ போடுவார்கள். மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் குழல் வீங்கவோ பிளக்கவோ கூடும். பித்தளை உறை வந்த பிறகும் இதே விதிதான். உறையில் மருந்து நிறைந்திருந்தது. குண்டு அதன்மேல் உட்கார்ந்தது. குண்டு எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதை மருந்தே தீர்மானித்துவிட்டது.

1884-இல் பிரான்சில் பால் வியேல் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1889-இல் பிரிட்டனில் ஆபெலும் டூவரும் நைட்ரோகிளிசரின், துப்பாக்கிப் பஞ்சு, வாசலின் ஆகியவற்றைச் சேர்த்துக் கயிறு போல் பிழிந்தெடுத்த கார்டைட்டைக் கொண்டுவந்தனர். இந்தியாவில் இதைச் செய்வதற்கென்றே அமைந்தது நீலகிரியின் அருவங்காடு தொழிற்சாலை. குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையில் மலை ரயில் நின்று செல்லும் அந்த ஊரில் 20ஆம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ஆலை எழுந்தது. அதற்கு வேண்டிய மின்சாரம் அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீரிலிருந்து எடுக்கப்பட்டது. பெயர் இன்றும் கார்டைட் தொழிற்சாலைதான். 2021 அக்டோபர் முதல் அது மியூனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. மலை ரயிலில் போகிறவர்களில் பலர் அருவங்காடு நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அது எதற்காக உண்டான ஊர் என்று அறிந்தவர்கள் குறைவு.

புகையற்ற மருந்து எடைக்கு எடை கருமருந்தைவிடப் பன்மடங்கு வலியது. ஆகவே உறையில் சிறிதளவே போதும். 1896-இல் வந்த .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங், 1898-இல் வந்த .38 ஸ்பெஷல் போன்ற கருமருந்துக் காலத்து உறைகளில் புது மருந்தை இட்டபோது பாதிக்கும் மேல் காலியாகவே கிடந்தது. அந்த வெற்றிடத்தின் அளவை இனி மருந்து தீர்மானிக்கவில்லை. குண்டை எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோமோ அதுவே தீர்மானித்தது. மொத்த நீளம் ஒரு பாதுகாப்பு அளவாக மாறியது இங்கேதான்.

ஒரு மில்லிமீட்டரின் கணக்கு

1902-இல் கியார்க் லூகர் வடிவமைத்த 9×19 மி.மீ. பாரபெல்லம் இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் கைத்துப்பாக்கித் தோட்டா. மேற்கு வங்கத்தின் இசாப்பூரில் செய்யப்படும் 9 மி.மீ. பிஸ்டலும் இதையே சுடுகிறது. 1914-இல் தோன்றி ஐரோப்பாவில் இயங்கும் சி.ஐ.பி. என்னும் தர அமைப்பு இதற்கு வகுத்த உறை நீளம் 19.15 மி.மீ.; மொத்த நீளத்தின் உச்சவரம்பு 29.69 மி.மீ.; அழுத்தத்தின் உச்சவரம்பு 235 மெகாபாஸ்கல். காரின் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கு மேல்.

14 மி.மீ. நீளமுள்ள குண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தோட்டாவின் மொத்த நீளம் 29 மி.மீ. என்றால், உறைக்குள் குண்டு புகுந்திருக்கும் ஆழம் 19.15-உடன் 14-ஐக் கூட்டி 29-ஐக் கழித்தால் வரும் 4.15 மி.மீ. 9 மி.மீ. குறுக்களவுள்ள குண்டு ஒவ்வொரு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 64 கன மில்லிமீட்டர் இடத்தை அடைக்கிறது. இந்த உறையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 860 கன மில்லிமீட்டர். அதில் குண்டு அடைத்தது போக, மருந்துக்கும் காற்றுக்கும் மிஞ்சுவது ஏறக்குறைய 600. குண்டு இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனால் அந்த 600-இல் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும்.

இடம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அழுத்தமும் அதே அளவுதான் கூடும் என்று எண்ணிவிடக் கூடாது. புகையற்ற மருந்தின் இயல்பு, சுற்றியுள்ள அழுத்தம் ஏற ஏற வேகமாக எரிவது. சிறிய இடத்தில் அழுத்தம் விரைவில் ஏறும். அதனால் மருந்து இன்னும் வேகமாக எரியும். அது அழுத்தத்தை மேலும் ஏற்றும். ஆகவே உயர்வு கணக்குக்கு மிஞ்சியே போகும். 9 மி.மீ. போன்ற சிறிய உறையில் இது கூர்மையாகத் தெரியும். பெரிய உறையும் குறைந்த அழுத்தமும் கொண்ட .45 ஏ.சி.பி.யில் அதே பிழை சற்றுப் பொறுக்கப்படும்.

நீளத்தின் மேல்வரம்பு வேறு காரணங்களால் வருகிறது. மேகசினுக்குள் தோட்டா அடங்க வேண்டும். அறையில் அமரும்போது குண்டு வரிப்பள்ளத்தைத் தொடாமல் சிறு இடைவெளி இருக்க வேண்டும். தொட்டுக்கொண்டிருந்தால் குண்டு நகரத் தொடங்கும் கணத்திலேயே தடை ஏற்பட்டு அழுத்தம் கூடும். சுடாமல் தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு வரியில் சிக்கிக் குழலிலேயே நின்றுவிட, மருந்து துப்பாக்கிக்குள் சிதறுவதும் உண்டு.

29.69 என்பது வரம்பே தவிர இலக்கு அன்று. கைநிரப்பில் புதியவர்கள் தடுமாறும் இடம் இது. உருண்டை முனைக் குண்டு அந்த வரம்பை ஒட்டி நிற்கலாம். தட்டை முனையோ குழிமுனையோ உடைய குண்டில் தோள் பகுதி அகலமாக நுனிவரை வருவதால், அதே நீளத்தில் அது வரிப்பள்ளத்தில் முட்டும். குறைவான நீளத்தில்தான் பொருத்த வேண்டும். ஆகவே ‘9 மி.மீ. தோட்டாவுக்கு என்ன நீளம்’ என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. எந்தக் குண்டு, எந்த மருந்து, எந்தத் துப்பாக்கி என்ற மூன்றும் தெரிந்தால்தான் விடை சொல்ல முடியும். மருந்து ஆலைகளும் குண்டு ஆலைகளும் வெளியிடும் கையேடுகளில் ஒவ்வொரு குண்டுக்கும் தனித்தனி நீளம் அச்சிடப்பட்டிருப்பது இதனால்தான். ஒரு குண்டுக்குச் சோதித்த நீளத்தை வேறு குண்டுக்கு எடுத்தாள்வது, ஒருவருக்கு எழுதிய மருந்துச்சீட்டை இன்னொருவர் காட்டி வாங்குவதற்கு ஒப்பானது.

தோட்டா எதில் தங்கி நிற்கிறது

கிரிம்ப் வகையை முடிவு செய்வது குண்டு அன்று, தோட்டா அறைக்குள் எதன் மேல் தங்கி நிற்கிறது என்பதே. ரிவால்வர் தோட்டாவின் அடியில் வெளியே நீண்ட விளிம்பு உண்டு. அது உருளையின் பின்முகத்தில் தங்கி, தோட்டா உள்ளே விழாமல் தடுக்கிறது. 9 மி.மீ., .45 ஏ.சி.பி. போன்ற பிஸ்டல் தோட்டாக்களில் அந்த விளிம்பு இல்லை. அடிவட்டம் உறையின் உடலளவே இருக்கும். அவை உறையின் வாய் விளிம்பால் அறையின் முன்புறமுள்ள சிறு படியில் முட்டி நிற்கின்றன.

பிஸ்டல் தோட்டாவின் வாயைக் குண்டுக்குள் மடித்துவிட்டால் முட்டுவதற்கு விளிம்பே இராது. தோட்டா தேவைக்கு மேல் ஆழமாகப் போகும். ஊசியின் அடி பிரைமரில் வலுவாக விழாது, சுடாமலே போகலாம். ஆகவே இவற்றுக்குச் சாய்வுக் கிரிம்ப் மட்டுமே போடுவர். குண்டை உறையில் செருகும்போது அதன் அடி சிராய்ந்துவிடாதிருக்க உறையின் வாயைச் சிறிது விரித்து வைப்பது வழக்கம். அந்த விரிவை மீண்டும் நேராக்குவதே சாய்வுக் கிரிம்பின் வேலை. 9 மி.மீ. உறையில் வாயின் வெளிக்குறுக்களவு 9.65 மி.மீ.க்கு மிகக் கூடாது. குண்டைப் பிடித்திருப்பது இந்த அழுத்தம் அன்று. குண்டைவிட ஒரு நூலளவு சிறுத்திருக்கும் உறைக் கழுத்தின் இறுக்கமே பிடிக்கிறது.

குண்டு தளர்வாக இருக்கிறதென்று கிரிம்பை இன்னும் இறுக்குவது இயல்பாகத் தோன்றும் யோசனை; ஆனால் முழுத்தவறு. பித்தளை மீள்தன்மை உடையது, ஈயம் அப்படியன்று. அழுத்தும்போது இரண்டும் சேர்ந்து சுருங்கும். கருவியை விட்டதும் பித்தளை சற்று விரிந்து பழைய நிலைக்கு வரும். ஈயம் சுருங்கியபடியே நிற்கும். முன்பு இருந்த பிடியும் போய்விடும். மெல்லிய செம்புப் பூச்சுள்ள குண்டானால் பூச்சு வெட்டுப்பட்டுக் குழலில் உரியவும் கூடும்.

ரிவால்வரில் நிலைமை நேர்மாறானது. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கிறது. உருளையில் காத்திருக்கும் மற்றத் தோட்டாக்களின் உறைகள் துப்பாக்கியோடு பின்னே போகின்றன. உள்ளிருக்கும் குண்டோ, பேருந்து திடீரென நகரும்போது பின்னால் சாயும் பயணியைப் போல, இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. விளைவு, குண்டு உறையிலிருந்து முன்னே இழுபடுகிறது. ஆறாவது தோட்டா ஐந்து உதைகளைத் தாங்க வேண்டும். குண்டின் முனை உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டால் உருளை சுழலாது, துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். ஆகவே ரிவால்வர் குண்டின் இடுப்பில் ஒரு பள்ளம் வைத்து, உறையின் விளிம்பை அதனுள் சுருட்டி மடிப்பார்கள். இது சுருள் கிரிம்ப். தோட்டா அடி விளிம்பில் தங்குவதால் வாயை மடிப்பதால் கேடில்லை. எடை குறைந்த ரிவால்வரில் உதை கடுமையாக இருக்கும்; .357 மேக்னம் போன்ற வலிய தோட்டாக்களில் இம்மடிப்பு இன்றியமையாதது.

குண்டு முழுவதும் உள்ளே: .32 வாட்கட்டர்

இரு அளவுகளும் விளையாட்டுக்காக வேறுவிதமாக அமைந்த தோட்டா ஒன்று உண்டு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் போட்டியில் பல வீரர்கள் .32 எஸ் அண்ட் டபிள்யூ லாங் வாட்கட்டரைப் பயன்படுத்துகிறார்கள். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டிலும் 2006 தோகாவிலும் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றது இந்தப் போட்டியில்தான். தோகாவில் அவர் எடுத்த 590 புள்ளிகள் அன்றைய உலகச் சாதனைக்குச் சமம்.

வாட்கட்டர் குண்டுக்கு முனை இல்லை. சிறு ஈய உருளை போன்றது. காகித இலக்கில் கிழிசலின்றி வட்டமாகத் துளையிடுவதால் புள்ளிக் கோட்டைத் தொட்டதா இல்லையா என்ற வழக்கு எழாது. குண்டு முழுவதும் உறைக்குள் போய் வாயோடு சமமாக நிற்கும். எனவே மொத்த நீளமும் உறையின் நீளமும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 23.4 மி.மீ. ஆழம் இவ்வளவு இருந்தும் ஆபத்தில்லாமல் போவதற்குக் காரணம், ஆலையில் இத்தோட்டாவுக்கு இடப்படும் மருந்து மிகக் குறைவு என்பதே. பழைய கருமருந்து உறையில் கிடந்த வெற்றிடத்தை இங்கே குண்டே நிரப்பிக்கொள்கிறது. இதற்கென்றே செய்த பிஸ்டலின் மேகசினில் நீண்ட .32 தோட்டா நுழையாது.

பன்னிரண்டு போரில் ஒரு பொறி

கைத்துப்பாக்கி அல்லாவிட்டாலும், நீளமும் மடிப்பும் சேர்ந்து ஏமாற்றும் ஓரிடம் தமிழ்நாட்டுத் தோட்டங்களிலும் பண்ணைகளிலும் உள்ள பழைய பன்னிரண்டு போர் துப்பாக்கிகளில் உண்டு. அந்தத் தோட்டாவின் பெட்டியில் 65 மி.மீ. என்றோ 70 மி.மீ. என்றோ அச்சிட்டிருப்பது, சுட்ட பிறகு மடிப்பு விரிந்த நிலையில் உள்ள நீளம். சுடுவதற்கு முன் வாய் நட்சத்திரம் போல் உள்ளே மடிந்திருப்பதால் 70 மி.மீ. தோட்டா 65 மி.மீ. அறையில் தடையின்றி நுழையும்; துப்பாக்கியும் மூடிக்கொள்ளும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குறுகிய பகுதிக்குள் போய் அடைக்கும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை 65 மி.மீ. அளவே. ‘உள்ளே போகிறதே’ என்பது இங்கே சான்றாகாது. குழலில் பொறித்துள்ள அளவைப் பார்ப்பதே வழி.

சட்டம்

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் 5ஆம் பிரிவின்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ செய்ய முடியாது. தோட்டா என்பதன் வரையறையில் அதன் பாகங்களும் அதைச் செய்யும் இயந்திரங்களும் அடங்கும். 2019 திருத்தத்துக்குப் பின் இதை மீறுவோர்க்கு ஏழாண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை நீளலாம். 9 மி.மீ. பாரபெல்லம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. ஆகவே தற்காப்புக்கென உரிமம் பெறுவோரிடம் .32 ரிவால்வரும் பிஸ்டலுமே மிகுதி. 2014-இல் கான்பூரில் பெண்களுக்கென்று வெளியிடப்பட்ட ‘நிர்பீக்’கும்.32 ரிவால்வர்தான்.

சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சியர். அபிராமபுரத்தில் குடியிருக்கும் உரிமதாரர் ஒருவர் தேர்தல் அறிவிப்பு வந்தால் தம் ரிவால்வரை உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரும். வாக்கு எண்ணி முடித்த பிறகு திரும்பப் பெறுவார். அவரிடம் இருக்கும் தோட்டாக்கள் எண்ணிக் கணக்கு வைத்தவை. பல ஆண்டுகள் பழையவையாகவும் இருக்கும். அவற்றின் நீளத்தையோ கிரிம்பையோ அவர் தேர்ந்தெடுக்கவில்லை, ஆலை தேர்ந்தெடுத்தது. ஆனால் ஆலையை விட்டு வந்த பிறகு அந்த அளவு மாறலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அதே தோட்டா, தினந்தோறும்

பாதுகாப்புப் பணியில் பிஸ்டல் வைத்திருப்பவர் காலையில் மேகசினைச் செருகி ஸ்லைடை விடுகிறார். மேலே இருக்கும் தோட்டா அறைக்குப் போகிறது. மாலையில் இறக்கி வைக்கும்போது அதை வெளியே எடுத்து மறுபடி மேகசினின் மேலேயே வைக்கிறார். மறுநாள் காலை அதே தோட்டா. ஒவ்வொரு முறையும் ஸ்லைடின் வேகத்தில் குண்டின் முனை அறைக்கு முன்னுள்ள சாய்தளத்தில் மோதுகிறது. கழுத்தின் இறுக்கம் சிறிது சிறிதாகத் தளர்ந்து குண்டு உள்ளே நகர்கிறது. மேலே கண்ட ஒரு மில்லிமீட்டர் இப்படியும் வந்து சேரும். ஆலையில் சோதித்து வந்த நல்ல தோட்டா, கையிலிருக்கும்போதே வரம்புக்கு மேல் அழுத்தம் தரும் தோட்டாவாகிவிடுகிறது. உறை பிளந்து வாயு பின்பக்கமாக வெளியேறினால் மேகசின் தெறிக்கும், கைப்பிடி உடையும், பிடித்திருக்கும் கையும் கண்ணும் காயப்படும்.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். பழைய தோட்டாவையும் பெட்டியிலிருந்து எடுத்த அதே வகைப் புதுத் தோட்டாவையும் தட்டையான மேசையில் அடுத்தடுத்து நிறுத்தி, கண் மட்டத்தில் பார்த்தால் நீள வேறுபாடு தெரிந்துவிடும். குட்டையாகத் தெரிவதைச் சுடக் கூடாது; இழுத்துச் சரிசெய்யவும் கூடாது. தனியே வைத்து, தோட்டா வழங்கிய அலுவலகத்திலோ விற்பனை உரிமதாரரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒரு தோட்டாவை இரண்டொரு முறைக்கு மேல் அறையில் ஏற்றாமல், இறக்கியதை மேகசினின் அடியில் போட்டு வரிசையை மாற்றி வைப்பது பயிற்சியாளர்கள் சொல்லும் எளிய முறை. ரிவால்வர் வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது இதற்கு எதிரானது: சில தோட்டாக்களைச் சுட்டபின் மிஞ்சியவற்றில் குண்டு முன்னே நீண்டிருக்கிறதா என்று பார்த்து, நீண்டிருந்தால் அவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும்.